சுவருக்கு மட்டும் சொந்தக்காரி

பெங்களூர் மல்லேஸ்வரத்தில் நான் வாங்கியிருக்கும் அடுக்குமாடி வீட்டுக்குப் போன வாரம் குடியிருப்போர் சங்கத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. பால்கனியில் துணி காயப்போடக் கூடாதாம். கட்டடத்தின் முகம் கெடுகிறதாம். பாதி ஆயுளை அடகு வைத்து வாங்கிய வீட்டில் என் சொந்தப் பாவாடையை எங்கே காயப்போடுவது என்று யோசித்துக்கொண்டு நின்றபோது ஓனரக்காவின் நினைப்பு வந்தது. அவர் இருந்திருந்தால் அந்தத் தாளை மடித்து ஆடுகிற மேசைக்காலுக்குக் கீழே செருகிவிட்டு, "யாரு வீட்ல யாருப்பா பேசறது?" என்று கேட்டிருப்பார்.

ஜீவனஹள்ளியில் அவருடைய வீட்டின் முதல் மாடியில் நான் நெடுங்காலம் வாடகைக்கு இருந்தேன். கீழே அவர், நடுவில் நான், இரண்டாம் மாடியில் மாறி மாறி யாராவது. எங்கள் எல்லோருக்கும் அவர் ஓனரக்காதான். அப்படிக் கூப்பிட்டால் முகத்தில் ஒரு சின்னப் பெருமை ஓடும். அதை மறைக்கவும் மாட்டார். கோலார் தங்கவயலிலிருந்து பிழைக்க வந்து, ஆஸ்பத்திரியில் ஆயாவாக வேலை பார்த்து, கணவரையும் சீக்கிரமே இழந்து, தனியாளாக எழுப்பிய வீடு. கையில் காசு சேர்ந்தபோதெல்லாம் கட்டியதால் ஒவ்வொரு மாடிக்கும் ஜன்னல் ஒவ்வொரு மாதிரி இருக்கும்.

நான் குடிவந்த அன்று அவர் இரண்டு சாவிகளை என் கையில் வைத்தார். பெங்களூரில் அதற்கு முன் நான் இருந்த வீடுகளில் எல்லாம் ஒரு சாவி எனக்கு, இன்னொன்று ஓனருக்கு. நான் பாடம் எடுக்கக் கல்லூரிக்குப் போன பிறகு வந்து குழாய் ஒழுகுகிறதா, சுவரில் ஆணி அடித்திருக்கிறேனா என்று பார்த்துவிட்டுப் போவார்கள். அந்தப் பழக்கத்தில் ஒரு சாவியைத் திருப்பி நீட்டினேன்.

"எனக்கு எதுக்கு மிஸ்? உங்க வீட்டுச் சாவி என்கிட்ட இருந்தா எனக்குத் தூக்கம் வராது."

ஆணி அடிக்கலாமா என்று கேட்டேன். அவர் உள்ளே போய் ஒரு சுத்தியலை எடுத்து வந்து கொடுத்தார். "இனிமே இதையெல்லாம் கேக்காதீங்க" என்றார், கொஞ்சம் கோபமாகவே.

கேட்பது என்பதே அவருக்குப் பிடிக்காது. யாரும் அவரிடம் எதையும் கேட்டு நிற்கக் கூடாது, அவரும் யாரிடமும் எதற்கும் போய் நிற்கக் கூடாது. ஒரு கொத்து கறிவேப்பிலைகூட அக்கம்பக்கத்தில் வாங்கி நான் பார்த்ததில்லை. காஸ் சிலிண்டரை உள்ளே நகர்த்த முடியாவிட்டால் பக்கத்தில் நின்று சிலிண்டரைத் திட்டுவார். அந்தத் திட்டு மாடிவரை கேட்கும். நாம்தான் புரிந்துகொண்டு இறங்கிப் போய்த் தள்ளிவிட வேண்டும். தள்ளிவிட்டால் நன்றியெல்லாம் சொல்ல மாட்டார். "நானே பண்ணியிருப்பேன்" என்பார்.

ஒரு நாள் கல்லூரியிலிருந்து வந்தால் படிக்கட்டெல்லாம் தண்ணீர். இரண்டாம் மாடியில் அப்போதிருந்தவர்கள் குழாயைத் திறந்து போட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டார்கள். ஓனரக்கா மொட்டை மாடியில் வால்வை மூடிவிட்டார். ஆனாலும் உள்ளே தேங்கியதெல்லாம் கதவிடுக்கு வழியாக வடிந்துகொண்டே இருந்தது. அவர் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு துணியில் ஒற்றி ஒற்றி வாளியில் பிழிந்துகொண்டிருந்தார். மத்தியானத்திலிருந்து அதே வேலை.

"பூட்டை உடைச்சிடலாமே" என்றேன்.

"ஆளு இல்லாதப்ப அவங்க வீட்டுப் பூட்ட ஒடைக்கறதா? படிச்சவங்க பேசற பேச்சா மிஸ் இது?"

"வீடு உங்களோடதுதானே?"

"செவரு என்னுது. வீடு அவங்களுது."

நான் பெண்கள் கல்லூரி ஒன்றில் அரசியல் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். சொத்தும் சுதந்திரமும் என்று அதில் ஒரு பகுதி உண்டு. சொந்தமாக ஒரு துண்டு நிலம் இருப்பவன்தான் எவனுக்கும் தலை வணங்காமல் பேச முடியும் என்பது ஒரு கட்சி. ஒருவன் வேலி போட்ட இடத்தில் இன்னொருவன் கால் நின்றுவிடுகிறதே, அது எப்படிச் சுதந்திரம் என்பது எதிர்க்கட்சி. வருஷா வருஷம் இரண்டையும் கரும்பலகையில் எழுதி நடுவில் ஒரு கோடு கிழிப்பேன். ஓனரக்காவை அந்தக் கோட்டுக்கு எந்தப் பக்கம் வைப்பது என்று எனக்குத் தெரியவே இல்லை.

அவருடைய தம்பிக்கு அந்தக் குழப்பமெல்லாம் கிடையாது. சந்தாபுராவில் நிலம் வாங்கி விற்பவர். அங்கேயே வரிசையாகச் சின்ன வீடுகள் கட்டி வாடகைக்கு விட்டிருந்தார். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரியாணிப் பொட்டலத்தோடு அக்காவைப் பார்க்க வருவார். அக்கா அந்தப் பிரியாணிக்கு ஈடாக ஏதாவது செய்து கட்டிக் கொடுக்காமல் அனுப்ப மாட்டார். சாப்பிடும்போது என்னையும் கூப்பிடுவார்கள். சண்டைக்கு ஒரு சாட்சி வேண்டுமே.

"ஒரு ரூல் இல்ல, ஒரு கண்டிஷன் இல்ல. சத்திரமா நடத்தறே நீ?" என்று தம்பி ஆரம்பிப்பார். "என்கிட்ட வந்து பாரு. செவத்துலயே எழுதி வெச்சிருக்கேன். பத்து மணிக்கு கேட் க்ளோஸ். சொந்தக்காரன் வந்தா ரெண்டு நாளுதான். நான் காசு போட்ட எடம், நான் சொல்றதுதான் சட்டம். அதுக்குப் பேருதான் சுதந்திரம். என்னா மேடம், கரெக்டா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா கேட்டார்: "உன் ஒருத்தன் சுதந்திரத்துக்கு எத்தன பேருடா கை கட்டி நிக்கணும்?"

"அப்ப நீ எதுக்கு வீடு கட்டின? தெருவுக்கு எழுதிக் குடுத்துட்டுப் போயேன்."

"எவனும் என்ன வீட்ட விட்டு எழுப்பக் கூடாதுன்னு கட்டினேன். நான் எவனையாவது எழுப்பறதுக்கா கட்டினேன்?"

சும்மா சீண்டலாம் என்று, "அப்படின்னா வாடகை மட்டும் எதுக்கு வாங்கறீங்க?" என்றேன். சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் கையில் எடுத்த கவளத்தைத் தட்டில் வைத்துவிட்டு யோசித்தார்.

"வாடகை வாங்கலன்னா நீங்க எனக்குக் கடமைப்பட்டவங்க ஆயிடுவீங்க மிஸ். என்னப் பாத்தா எழுந்து நிப்பீங்க. இப்ப? மாசம் பொறந்தா குடுத்துட்டுக் கதவ சாத்திக்கறீங்க. உங்களுக்கும் பேஜார் இல்ல, எனக்கும் பேஜார் இல்ல."

அதை வகுப்பில் சொன்னேன். எழுதிக்கொள்ள வேண்டுமா மேடம், பரீட்சைக்கு வருமா என்று கேட்டார்கள்.

சுமதியும் அவள் புருஷனும் இரண்டாம் மாடிக்கு வந்தது அதற்குப் பிறகுதான். அவன் வாடகைக் கார் ஓட்டினான். அவள் கார்மெண்ட்ஸில் தைத்தாள். கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்துச் சிரிக்கிற பெண். வழக்கம்போல இரண்டு சாவியும் கொடுத்து, கதவுக்கு அந்தாண்ட உங்க வீடு, நான் வர மாட்டேன் என்று ஓனரக்கா சொல்லியிருக்கிறார். இரண்டு சாவியையும் அவன் வாங்கித் தன் வளையத்தில் மாட்டிக்கொண்டான். அதை அன்றைக்கு நாங்கள் யாரும் கவனிக்கவில்லை.

என் கூரைக்கு மேல் பாத்திரம் விழும் சத்தம் கேட்கும். பாத்திரம்தான் என்று முதலில் நினைத்தேன். பிறகு ஒரு நாள் சுமதி துப்பட்டாவைக் காதோடு சுற்றிக்கொண்டு படியிறங்கினாள். கன்னம் வீங்கியிருந்தது. போலீஸுக்குச் சொல்லலாம் என்றேன். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "வேணாம் மிஸ், கொன்னுடுவான்" என்றாள்.

நேராகக் கீழே போனேன். ஓனரக்கா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"எனக்கும் காது இருக்குது மிஸ்" என்றார் நான் சொல்லும் முன்பே.

"அப்ப ஏன் உட்கார்ந்திருக்கீங்க? மேலே போய்க் கேளுங்க."

போனார். வாசற்படிக்கு வெளியே நின்று சுமதியைக் கூப்பிட்டார். வந்தது அவன். கதவைப் பாதி திறந்து, தோளால் மறைத்துக்கொண்டு, மரியாதையாகவே பேசினான்.

"நீங்கதானே சொன்னீங்க ஓனரம்மா, கதவுக்கு அந்தாண்ட எங்க வீடுன்னு? வாடகை கரெக்டா வருதுல்ல? அப்புறம் என்னா?"

கதவு மூடிக்கொண்டது. அவருடைய வார்த்தையை எடுத்து அவர் முகத்திலேயே அடித்துவிட்டான். ஓனரக்கா இறங்கி வந்து மறுபடி கீரையை எடுத்தார். "உங்க நியாயமெல்லாம் அவனுக்குத் தாழ்ப்பாளா ஆயிடுச்சு" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அதன் பிறகு ரொம்ப நாள் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. மாலை நேரத்தில் அவர் வாசலில் நாற்காலி போட்டு மாடியையே பார்த்துக்கொண்டிருப்பார்.

வாடகை ஒப்பந்தம் பதினோரு மாதம். அது முடிகிற சமயத்தில் அவருக்கு ஒரு யோசனை வந்தது. புது ஒப்பந்தத்தைச் சுமதி ஒருத்தியின் பேரில் டைப் அடித்துக்கொண்டு வந்தார். நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, கல்யாணப் பத்திரிகையைக் கொடுப்பது போல அவள் கையில் கொடுத்தார். என்னிடம் ரொம்ப நாள் கழித்து வாய் திறந்து அதைத்தான் சொன்னார்.

"என் பேர்ல பத்திரம் வந்த அன்னிக்குத்தான் மிஸ் எனக்கு முதுகெலும்பு வந்துது. அவளுக்கும் வரும் பாருங்க."

நானும் நம்பினேன். புத்தகத்தில் படித்த ஒன்று நேரில் நடக்கிறது என்று ஒரு சந்தோஷம்கூட இருந்தது. நாங்கள் இரண்டு பேருமே அவனைப் பற்றி யோசிக்கவில்லை. பொண்டாட்டி பேரில் இருக்கிற வீட்டில் குடியிருப்பவன் என்று கார் ஸ்டாண்டில் யாரோ அவனைக் கேலி செய்திருக்கிறார்கள்.

அடுத்த ஞாயிறு காலை மேலே சுமதி அலறினாள். பிறகு சத்தமே இல்லை. அந்தச் சத்தமின்மைதான் என்னை வெளியே ஓடிவர வைத்தது. படியில் எனக்கு முன்னால் ஓனரக்கா ஏறிக்கொண்டிருந்தார். கையில் அம்மிக் குழவி.

"சுமதி!"

"குடும்ப விஷயம். போங்க" என்று உள்ளேயிருந்து அவன் குரல்.

"குடும்பம் உன்னுதா இருக்கட்டும். கதவு என்னுதுடா. என் கதவ நான் ஒடைக்கறேன், எவனக் கேக்கணும்?"

குழவியால் ஓங்கி ஓங்கி அடித்தார். தாழ்ப்பாள் பிய்ந்து விழுந்தது. சுமதி அடுப்பு மேடைக்குக் கீழே சுருண்டு கிடந்தாள். உதடு கிழிந்திருந்தது, உயிர் இருந்தது. அவன் செருப்பைப் போட்டுக்கொண்டு எங்களைத் தாண்டிப் போகும்போது, "கடைசியில ஓனர் புத்தியக் காட்டிட்டீங்க" என்றான். அத்தனை களேபரத்திலும் அந்தச் சொல் அவரைக் குத்தியது. அவர் முகத்தைப் பார்த்த எனக்குத் தெரியும்.

ஆஸ்பத்திரி, ஸ்டேஷன், புகார் எல்லாம் நடந்தது. அவன் தலைமறைவானான். ஓனரக்கா இரண்டாம் மாடிக்குக் கனமான புதுக் கதவு போட்டு, உள்பக்கம் மேலும் கீழும் தாழ்ப்பாள் வைத்து, இரண்டு சாவியையும் சுமதியின் உள்ளங்கையில் வைத்தார். "இனி இது உன் ராஜ்ஜியம். அவன் வந்தா வெளிய நின்னு கத்திட்டுப் போவட்டும்."

சுமதி சாவியை வாங்காமல் நின்றாள்.

"அக்கா, எனக்கு இந்த வீடு வேணாம்."

"ஏம்மா? பேப்பர் உன் பேர்ல இருக்குது."

"இருந்தா? தெனமும் அவன் கீழ வந்து நிப்பானா மாட்டானான்னு பாத்துக்கினே உள்ள உக்காந்திருக்கணும். அதுக்குப் பேரு வீடாக்கா? அவனுக்குத் தெரியாத எடத்துக்குப் போயிடணும். அங்க ஒரு ரூமு போதும். எந்திரிச்சிப் போவணும்க்கா எனக்கு, அவ்வளவுதான்."

சமைத்துப் போட்ட இலையை யாரோ சாப்பிடாமலே மூடிவிட்டு எழுந்தது போல ஓனரக்கா பார்த்தார். வாழ்நாளெல்லாம் அவர் சேர்த்ததில் மிகப் பெரியதைக் கொடுத்திருக்கிறார், அதை ஒருத்தி வேண்டாம் என்கிறாள். இரண்டு நாள் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. எனக்கோ கரும்பலகைக் கோட்டுக்கு இரண்டு பக்கமும் இல்லாத ஒன்றைக் கேட்ட மாதிரி இருந்தது. வைத்துக்கொள்வது பற்றித்தான் அங்கே அத்தனை பேச்சும். விட்டுவிட்டுப் போவதற்கு ஒரு ஓரத்தில்கூட நான் இடம் வைத்ததில்லை.

சந்தாபுராவை ஒட்டிய பொம்மசந்திராவில் வேறொரு கார்மெண்ட்ஸில் சுமதிக்கு வேலை கிடைத்தது. வீடுதான் கிடைக்கவில்லை. 'ஒப்பளேனா?' என்று கன்னடத்தில் கேட்டார்கள், 'தனியாவா?' என்று தமிழில் கேட்டார்கள். புருஷன் எங்கே என்பதை எல்லா பாஷையிலும் கேட்டார்கள். 'வாடகைக்கு' என்று போர்டு தொங்குகிற வீட்டிலேயே காலி இல்லை என்றார்கள். வேலையில் சேர வேண்டிய நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. இவள் போவதற்குள் அவன் வந்துவிடுவானோ என்று எங்கள் மூன்று பேருக்கும் தெருவில் கார் நிற்கும் சத்தம் கேட்டாலே திக்கென்றது.

ஒரு காலை ஓனரக்கா நல்ல புடவை கட்டிக்கொண்டு என் கதவுக்கு வெளியே வந்து நின்றார்.

"மிஸ், சந்தாபுராவுக்குப் போவணும். கூட வரீங்களா?"

அவர் என்னிடம் கேட்ட முதல் உதவி அது. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் எனக்கு அது உறைத்தது.

தம்பியின் வீடுகள் ரயில் பெட்டி மாதிரி ஒட்டி ஒட்டி இருந்தன. எல்லாவற்றுக்கும் ஒரே நீல நிறம். மதில் சுவரில் அவர் சொன்ன சட்டங்கள் கன்னடத்திலும் தமிழிலும் பெரிய எழுத்தில் இருந்தன. கேட்டுக்கு உள்ளே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து போன் பேசிக்கொண்டிருந்தவர் எங்களைக் கண்டதும் எழுந்தார்.

"யக்கா! இன்னா அதிசயம்? உள்ள வா."

அவர் போகவில்லை. கேட்டைப் பிடித்துக்கொண்டு வெளியிலேயே நின்று விஷயத்தைச் சொன்னார்.

"ஒத்தப் பொம்பளைக்கா? மாட்டேன்க்கா. நாளைக்கு அவ புருஷன் வந்து கலாட்டா பண்ணா? உன் வீட்லயே வெச்சுக்கயேன். உன் வீடுதானே?"

"அவளுக்கு அங்க வேணாமாம்."

"ஏன்?"

"ஏதோ ஒண்ணு. வேணாம்னுட்டா."

"என் வீடு, என் இஷ்டம்க்கா. உனக்கே தெரியும்."

"தெரியும். அதனாலதான் வந்து கேக்கறேன்."

தம்பிக்குப் போன் வந்தது. யாரோ நிலம் பார்க்க வந்தார்கள். அவர்களைக் கூட்டிக்கொண்டு பின்பக்கம் போனார். வெயில் ஏறியது. என்னை நாற்காலியில் உட்காரச் சொன்னார்கள், உட்கார்ந்தேன். அக்கா நின்றார். குடியிருப்பவர்கள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்கள். தம்பி திரும்பி வரும்போது அக்கா இன்னும் அதே இடத்தில் நிற்பதைக் கண்டு அவருக்கே சங்கடமாகிவிட்டது.

"இன்னாக்கா இது, யாரோ மாதிரி வெளிய நிக்கறே?"

ஓனரக்கா கை கூப்பினார். தம்பியைப் பார்த்து, தன்னைவிடச் சின்னவனைப் பார்த்து.

"ஒரு ரூமு குடுடா. அவளுக்கு நான் பொறுப்பு. உன் சட்டமெல்லாம் கேட்டு நடந்துக்குவா. குடுடா."

தம்பி அவசரமாக அந்தக் கையைப் பிடித்து இறக்கினார். கொடுத்தார். கொடுத்ததோடு விட்டாரா? அங்கிருந்தவர்கள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "எங்கக்கா, ஜீவனஹள்ளில மூணு அடுக்கு வீடு, என்கிட்ட வந்து கேட்டாங்க, குடுத்தேன்" என்றார். அதற்குப் பிறகு வந்த ஞாயிறுகளிலும் சொல்லிக்கொண்டே இருந்தார். ஓனரக்கா ஒரு தடவைகூட எதிர்த்துப் பேசவில்லை. சுமதி அங்கே கொஞ்ச காலம் இருந்தாள், பிறகு வேறெங்கோ போய்விட்டாள். எங்கே என்று எங்களுக்குச் சொல்லவில்லை. சொல்லாதது நல்லது என்று ஓனரக்கா நினைத்தார்.

அன்று திரும்பி வரும்போது பஸ்ஸில் கூட்டம். ஹெப்பகோடி தாண்டி எங்களுக்குச் சேர்ந்தாற்போல இடம் கிடைத்தது. அவர் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தார். நான், "உங்களுக்காக இருந்திருந்தா இப்படிக் கேட்டிருப்பீங்களா?" என்றேன்.

"செத்தாலும் கேட்டிருக்க மாட்டேன்."

எலெக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்துக்குக் கீழே நெரிசலில் பஸ் நின்றது. அவர் வெளியே பார்த்தபடி பேச ஆரம்பித்தார். அத்தனை வருஷத்தில் அவர் சின்ன வயசைப் பற்றிப் பேசி நான் கேட்டது அது ஒரு தடவைதான்.

"தங்கவயல்ல எங்களுக்கு லைன் வீடு மிஸ். எங்கப்பாவோட சுரங்க வேலைக்காகக் கம்பெனி குடுத்த வீடு. அப்பா செத்தாரு. வேலை இல்லன்னா வீடும் இல்ல. நாங்க நாலு பேரு, பள்ளிக்கூடத்துல பரீட்சை நேரம். எங்கம்மா தெனமும் காலையில என்னையும் இட்டுக்கினு போயி ஆபீஸ் வராண்டாவுல நிப்பாங்க. அந்த ஐயா வந்தாலும் கும்புடு, போனாலும் கும்புடு. கூடப் படிக்கற பசங்கல்லாம் அந்த வழியாதான் போவும், பாத்துக்கினே போவும். எனக்கு அந்த எடத்துலயே செத்துடலாம் போல இருக்கும். இப்பிடி ஒரு பொம்பள எனக்கு அம்மாவான்னு வெறுப்பா இருக்கும். அன்னிக்கு முடிவு பண்ணேன், எவன் வாசல்லயும் நிக்க மாட்டேன்னு. நிக்கல. வீடு கட்டினேன். எங்கம்மாவ அந்த வீட்டுக்கு இட்டாந்து ராணி மாதிரிதான் வெச்சிருந்தேன். ஆனா மனசுக்குள்ள மட்டும், கடைசி வரைக்கும், நீ போயி நின்னவதானேன்னு ஒண்ணு இருந்துக்கினே இருந்துது."

நடத்துனர் வந்து டிக்கெட் கேட்டார். காட்டினேன். பஸ் ஒரு அடி நகர்ந்து மறுபடி நின்றது. ஓனரக்கா குனிந்து கெண்டைக்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டார். வெயிலில் நின்றதில் கால் வீங்கியிருந்தது.

"அந்தப் பரீட்சைய நான் எழுதினேன் மிஸ்" என்றார். "நான் எழுதி முடிக்கற வரைக்கும் வீடு இருக்கணும்னுதான் எங்கம்மா நின்னாங்க. ஒரு நாளாவது பக்கத்துல உக்காந்து கேட்டிருக்கலாம், உனக்குக் கால் வலிச்சுதாம்மான்னு."